விழுந்த பிள்ளையும் கையிலுள்ள கைப்பேசியும்



வேலை முடிந்து, குளித்து, தேநீருடன் வாசலில் உட்காரும் நேரம் இது. முன்பெல்லாம் இந்நேரத்தில் தோட்டத்துத் திடலில் பந்து உதைபடும் ஓசை கேட்கும். இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசியின் ஓசை கேட்கிறது. அதைக் குறை கூற நான் வரவில்லை. 2025ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பூப்பந்துப் போட்டியில், தினா முரளிதரன் தம் இணையாளர் பெர்லி டானுடன் வெள்ளிப் பதக்கம் வென்றார். எங்கோ நடந்த அந்த ஆட்டத்தை நம் வீட்டுப் படியில் அமர்ந்தே பார்த்து மகிழ்ந்தோமே, அது இந்தக் கருவி தந்த நன்மைதான். ஆனால் அதே கருவி செய்யும் ஒரு தீமையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அந்தத் தீமையில் எனக்கும் பங்குண்டு.

எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டியில் நடந்தது இது. அஞ்சல் ஓட்டத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். கோலை மாற்றும்போது கால் தடுக்கி விழுந்தாள். கோல் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். தமிழ்ப்படத்து நகைச்சுவை வசனம் ஒன்றை அதனுடன் ஒட்டினார்கள். அன்றிரவே அது பெற்றோரின் புலனக் குழுவுக்கு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியராகிய நானும் ஒரு சிரிப்புப் பொம்மையை அழுத்தினேன்.

மறுநாள் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. கேட்டதற்கு, "எல்லாரும் சிரிச்சீங்களே சார்" என்றாள். பயிற்சிக் கல்லூரியில் பயின்ற பாடம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திடலில் பிள்ளை விழுந்தால், ஆசிரியர் முதலில் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நானோ தூக்காமல் சிரித்துவிட்டேன்.

நேயர்களே, 2021ஆம் ஆண்டு நடந்த மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். பின்லாந்து நாட்டில் சுதிர்மான் கிண்ணப் பூப்பந்துப் போட்டி நடந்தது. அரையிறுதியில் நம் நாடு ஜப்பானிடம் தோற்றது. அதில் ஆடித் தோற்றவர்களுள் ஒருவர் கிஷோனா செல்வதுரை. 2019ஆம் ஆண்டு சீ விளையாட்டுப் போட்டியில் நாட்டுக்குத் தங்கம் கொண்டுவந்த பெண் அவர். ஒரு தோல்விக்காக, அரசியல்வாதி ஒருவர் முகநூலில் அவருடைய இனத்தை இழித்து எழுதினார். எந்தத் தோட்டத்திலிருந்து பொறுக்கி வந்தார்களோ என்ற பொருளிலும் எழுதினார். நாட்டில் எல்லா இனத்தவரும் அதைக் கண்டித்தனர். எழுதியவர் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

தோட்டம் என்ற சொல்லை இழிசொல்லாகக் கேட்டபோது நம் நெஞ்சு கொதித்தது. அது நியாயமான கொதிப்பு. ஆனால் வெளியார் நம் பிள்ளையைப் பழித்தால் பொங்கும் நாம், நம் பிள்ளை தடுக்கி விழும்போது அதைப் படம் பிடித்து நாமே ஊரெல்லாம் அனுப்பலாமா? ஆட்டத்தில் தோற்ற கிஷோனாவும், திடலில் விழுந்த எங்கள் மாணவியும் செய்த குற்றம் என்ன? இருவரும் திடலில் இறங்கினார்கள். அவ்வளவுதான்.

ஒரு செய்தியை நூறு பேர் நூறு பேருக்கு அனுப்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகநூல், டிக்டாக் போன்றவற்றில் இன்னொரு சங்கதியும் உண்டு. எதற்கு மறுமொழி அதிகம் வருகிறதோ, அதை அவை மேலும் பலருக்குக் காட்டும். கோபத்தில் எழுதினாலும் அது மறுமொழிதான். கேலியாகச் சிரித்தாலும் மறுமொழிதான். ஆகவே, நாம் ஒரு பொம்மையைத்தானே அழுத்தினோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. மரத்தடியில் கொட்டிய பாலைத் திரும்ப வாளியில் அள்ள முடியுமா?

பெற்றோர்களே, நான் வேண்டுவது மூன்றே காரியங்கள். பிறர் பிள்ளையின் படத்தை, அந்தப் பிள்ளையின் பெற்றோரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். விளையாட்டாளர் தோற்றால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். நிறத்தையும் பிறப்பையும் பேசாதீர்கள். கேலிப் படம் வந்தால், "இது வேண்டாம், அழித்துவிடுங்கள்" என்று குழுவில் முதலில் சொல்பவர் நீங்களாக இருங்கள். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

அந்தக் குழுவிலேயே நான் மன்னிப்புக் கேட்டேன். படத்தைப் போட்டவரும் அழித்தார். அந்த மாணவியின் வீட்டுக்கும் போய் அவளிடம் நேரில் சொன்னேன். இப்போது மாலையில் திடலின் ஓரத்தில் வந்து நிற்கிறாள். இன்னும் கோலைக் கையில் வாங்கவில்லை. அவள் மீண்டும் ஓடும் நாளில், கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு இரு கைகளையும் தட்டுவதற்காக நான் காத்திருக்கிறேன்.