கொசுறாக வந்த பிரௌசர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காய்கறி வாங்கினால் கடைக்காரர் கொசுறாக ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவார். பக்கத்திலேயே ஒருத்தர் கறிவேப்பிலை மட்டும் வைத்து விற்றுக்கொண்டிருந்தால் அவர் பிழைப்பு என்னாகும்? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கதை அதுதாங்க.

அந்தக் கறிவேப்பிலை முளைத்தது ஒரு கல்வி வளாகத்தில். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1993-ல் மார்க் ஆண்ட்ரீசன் என்ற மாணவரும் எரிக் பினா என்ற ஊழியரும் சேர்ந்து மொசைக்கை எழுதினார்கள். எழுத்துக்கு நடுவிலேயே படத்தையும் காட்டியதால் சாதாரண ஆளுக்கும் வெப் பிடிபட்டது. படிப்பு முடிந்ததும் ஆண்ட்ரீசன் கலிபோர்னியா போய், 1994-ல் ஜிம் கிளார்க்கோடு கம்பெனி தொடங்கினார். மொசைக் என்ற பெயரை வைக்கப் பல்கலைக்கழகம் ஆட்சேபித்ததால் அது நெட்ஸ்கேப் ஆனது.

மொசைக்கின் உரிமம் ஸ்பைகிளாஸ் என்ற சிறிய கம்பெனியிடம் போனது. அவர்களிடமிருந்து மைக்ரோசாப்ட் வாங்கியது. காலாண்டுக்கு ஒரு தொகை, அதற்கு மேல் விற்கிற வருவாயில் பங்கு என்று ஒப்பந்தம். 1995 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர் வந்தது. முதல் பதிப்பு 'பிளஸ்' என்று தனியாக விற்ற தொகுப்பில் இருந்தது. பிறகு விண்டோஸோடு இலவசம். இலவசத்தில் பங்கு எவ்வளவு? நம்ம கணக்கு வாத்தியார் வர வேண்டியதில்லை, பூஜ்யம்தான்! தகராறு முற்றி, 1997-ல் மைக்ரோசாப்ட் 80 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

அடுத்த அடி நெட்ஸ்கேப்புக்கு. 1998 ஜனவரியில் அவர்களும் இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மே மாதம் அமெரிக்க அரசே மைக்ரோசாப்ட் மீது வழக்குப் போட்டது. இலவசமாகக் கொடுத்ததை மட்டும் நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் தயாரிப்பவர்கள் எக்ஸ்ப்ளோரரைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்களே, அதுதான் அநியாயம்.

'பிரௌசர் விண்டோஸின் அங்கம், பிரித்தால் விண்டோஸ் கெட்டுவிடும்' என்பது மைக்ரோசாப்டின் வாதம். பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் தம்முடைய பழைய மாணவர்கள் இருவரோடு ஒரு புரோகிராம் எழுதி, எடுத்துக் காட்டினார். (பழைய மாணவர்கள் என்றால் சும்மாவா!) அதை மறுக்க மைக்ரோசாப்ட் 1999-ல் நீதிமன்றத்தில் ஒரு வீடியோ போட்டது. நடுவில் ஜன்னலின் தலைப்பு மாறியிருப்பதை அரசு வக்கீல் டேவிட் பாய்ஸ் காட்டிவிட்டார். வீடியோ எடுபடவில்லை.

கம்பெனியை இரண்டாகப் பிரிக்க 2000-ல் உத்தரவானது. 2001-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானாலும், ஏகபோகத்தைக் காக்கச் சட்டத்தை மீறியது உண்மை என்ற தீர்ப்பு நின்றது.

அதற்குள் எதிர்க்கடை காலி. 2001-ல் 6-ம் பதிப்பு. அடுத்தது வர 2006 ஆயிற்று. போட்டியில்லாத கடையில் கறிவேப்பிலை வாடித்தானே இருக்கும்? நெட்ஸ்கேப் வெளியிட்டுவிட்டுப் போன மூல நிரல் வழியாக 2004-ல் பயர்பாக்ஸ் வந்த பிறகுதான் அவர்களுக்கு விழிப்பு வந்தது. 2022 ஜூன் 15-ல் எக்ஸ்ப்ளோரருக்கு விடைகொடுத்தார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. 6-ம் பதிப்பு வரை அதன் 'அபவுட்' பெட்டியைத் திறந்தால், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக்கை அடிப்படையாகக் கொண்டது என்று எழுதியிருக்கும். எத்தனையோ வருஷம் தினமும் அதன் முகத்திலே விழித்தேன். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.