கையெழுத்து இல்லாவிட்டாலும் பி.எஃப். உண்டு

(இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்களுக்கான கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

பஞ்சாலைக்கும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வேலைக்கும், தையலுக்கும் போகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். "பி.எஃப். உண்டா?" என்று கேட்டால், "எந்தப் பேப்பரிலும் கையெழுத்து வாங்கவில்லையே, அப்புறம் எப்படி?" என்கிறார்கள். இந்த எண்ணம் தவறு.

1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் ஒப்பந்தப் பத்திரத்தைக் கேட்கவில்லை. நிறுவனத்தின் வேலையைக் கூலிக்குச் செய்கிறவர் அதன் ஊழியர். கூலி நேராக வந்தாலும் காண்ட்ராக்டர் வழியாக வந்தாலும் ஒன்றுதான்.

மகாராஷ்டிராவில் கோதாவரி கார்மென்ட்ஸ் நிறுவனம், வெட்டிய துணியைப் பெண்களிடம் கொடுத்து வீட்டில் தைத்து வாங்கியது. மெஷின் அவர்களுடையது, பீஸ் கணக்கில் கூலி. "இவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல" என்றது நிறுவனம். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சரியில்லாத தையலைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் நிறுவனத்திடம் இருந்ததால் அவர்கள் ஊழியர்களே என்றது. அந்தப் பாக்கி 1979 முதல் 1991 வரை உள்ளது. நியாயம் கிடைத்தது, ஆனால் எத்தனை ஆண்டு கழித்து!

20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மாதம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால் பி.எஃப். கட்டாயம். பெரும்பாலான தொழில்களில் இரு தரப்பும் தலா 12 சதவீதம். முதலாளி பங்கை நம் கூலியில் பிடிக்கக் கூடாது.

"பிடித்தம் வேண்டாம், முழுசாகக் கையில் கொடுங்கள்" என்று நம்மவர்களே கேட்பதுண்டு. அப்படிக் கேட்காதீர்கள். 10 ஆண்டுப் பணி இருந்தால் 58 வயதில் பென்ஷன். வேலையில் இருக்கும்போது மவுத்தானால், ஒரு மாதம் கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு.

ஆகவே இன்றே ஆதாரம் சேருங்கள். கூலிச் சீட்டு, பேங்க் பாஸ்புக், வருகை அட்டை, சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள். ரொக்கக் கூலி என்றால் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். யு.ஏ.என். நம்பரைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் மதுரை பி.எஃப். அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

கடையும் கம்பெனியும் நடத்தும் சகோதரர்களே! கடனை எழுதி வைக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். தொழிலாளிக்குச் சேர வேண்டியதும் நம் மீதுள்ள கடன்தான். கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள்.

மனு எழுதத் தெரியாதவர்கள் ஆதாரங்களோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், எழுதித் தருகிறோம்.