கால் கொடுத்தால் போதுமா?

(ஆதரவாளர் ஐக்கியக் கூட்டத்தில், மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் இந்த ஊழியத்தைத் தாங்கி வருகிறீர்கள். நீங்கள் கொடுத்தது எப்படிப் பயன்படுகிறது என்று சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. இன்று ஒரே காரியத்தைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். காலை இழந்தவர்கள், விசேஷமாக அவர்களில் விளையாட்டு வீரர்கள், விழாமல் நேராய் நிற்க எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே அது.

"செயற்கைக்கால் பொருத்திவிட்டால் நடந்துவிடுவார்களே, அப்புறம் என்ன?" என்று பலர் எங்களிடம் கேட்பதுண்டு. எங்கள் வேலையில் பெரும்பகுதி அந்தக் கால் பொருத்திய பிறகுதான் ஆரம்பமாகிறது.

நாம் அசையாமல் நிற்பதாக நினைக்கிறோம். உண்மையில் நம் சரீரம் எந்நேரமும் முன்னும் பின்னும் சிறிது ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆட்டத்தை மூளைக்கு அறிவிக்கிறவை மூன்று: கண்கள், உட்காது, மூன்றாவதாக உள்ளங்காலிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு. செய்தி வந்தவுடன் கணுக்காலைச் சுற்றிய தசைகள் இறுகியும் தளர்ந்தும் நம்மைச் சரிசெய்கின்றன. நமக்கே தெரியாமல் இது நடக்கிறது.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவருக்கு அந்தப் பக்கத்து உள்ளங்காலும் இல்லை, கணுக்காலும் இல்லை. தரை மேடா பள்ளமா என்ற செய்தி, எஞ்சிய கால் பகுதி அமர்ந்திருக்கும் கிண்ணத்தின் அழுத்தமாகத்தான் அவருக்கு வருகிறது. சரிசெய்யும் வேலையை இடுப்பும் முதுகும் செய்யவேண்டியிருக்கிறது. குறைந்த செய்தியை ஈடுகட்டக் கண்களை அதிகமாய் நம்புகிறார். பகலில் நன்றாக நடக்கிற ஒருவர், மின்சாரம் நின்ற இரவில் சுவரைத் தேடுவதற்குக் காரணம் இதுதான். வாலிபர்கள் வீட்டில் சுவரருகே நின்று, ஒரு காலைத் தூக்கிக் கண்களை மூடிப் பாருங்கள். சில விநாடிகளில் கை சுவரைத் தேடும். பெரியவர்கள் தயவுசெய்து இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

எடையும் ஒரு காரணம். முழங்காலுக்குக் கீழுள்ள கால், பாதத்தோடு சேர்த்து, உடல் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மூன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதற்குப் பதிலாகப் பொருத்தப்படும் செயற்கைக்கால் பெரும்பாலும் அதைவிட இலேசானது. எனவே சரீரத்தின் பாரம் நல்ல காலின் பக்கம் சாய்கிறது. மனதும் நல்ல காலையே நம்புகிறது. நாளடைவில் ஒரு தோள் இறங்குகிறது, இடுப்பு ஒரு பக்கம் ஏறுகிறது, முதுகெலும்பு வளைந்துகொடுக்கிறது. இப்படியே வருஷங்கள் போனால் நல்ல காலின் முழங்கால் தேயும், இடுப்புவலி நிரந்தரமாய்த் தங்கும். ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலும் கெட்டுப்போனால் அவர் நிலைமை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட்டு வீரருக்குத் தசைபலம் அதிகமாயிற்றே, அவருக்கு இந்தத் தொல்லை வராதே என்று நினைக்கலாம். அந்தப் பலமே சாய்வை மறைத்துவிடுவதுண்டு. அவர் நல்ல காலால் உந்திக் குதிக்கிறார், அதே காலில் இறங்குகிறார். அந்தப் பக்கம் மேலும் பலப்படுகிறது, மறுபக்கம் மெலிகிறது. ஓட்டப்பந்தயத்திற்கென்று செய்யப்படும் வளைந்த தகடு போன்ற காலை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதற்குக் குதிகால் கிடையாது. ஓட உதவுகிற அந்தக் காலில் அசையாமல் நிற்பது கடினம். இரண்டு கால்களிலும் அதை அணிந்த வீரர்கள் நிற்கும்போது இடம் மாற்றி மாற்றி அடிவைப்பது அதனால்தான். வீட்டிற்கும் தெருவிற்கும் அவர்களுக்கு வேறு கால் வேண்டும். இரண்டின் உயரமும் சாய்வும் தனித்தனியே பார்த்து அமைக்கப்பட வேண்டும்.

அரியானாவைச் சேர்ந்த சுமித் அந்தில் என்ற வீரரை எடுத்துக்கொள்வோம். 2015-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். வலக்கையால் ஈட்டி எறிகிறவர் ஓடிவந்து, கடைசியில் இடது காலைத் தரையில் ஊன்றி, அந்த ஊன்றலின் மேல்தான் முழு வேகத்தையும் கைக்கு மாற்றுகிறார். சுமித் ஊன்றுவது செயற்கைக்காலை. அந்தக் கால் ஒரு பக்கம் நழுவினாலும், இடுப்பு ஒரு நொடி பின்தங்கினாலும், ஈட்டி போகவேண்டிய தூரம் போகாது. டோக்கியோ பாராலிம்பிக்கில், 2021-ல், 68.55 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார். 2024-ல் பாரிசில் 70.59 மீட்டர் எறிந்து மறுபடியும் தங்கம் பெற்றார். நல்ல கால் செய்யவேண்டியதைச் செயற்கைக்காலின் மேல் நம்பி வைக்க அவர் சரீரம் கற்றுக்கொண்டிருக்கிறது.

நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை நீங்கள் அறிவீர்கள். அவர் காலை இழந்தவர் அல்ல. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. ஆனாலும் பாரம் ஒரு பக்கம் சாயும் சிரமம் அவருக்கும் உண்டு. அவர் உயரம் தாண்டுதலில் 2016-ல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், அடுத்த இரண்டு பாராலிம்பிக்குகளில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். பாராலிம்பிக் போட்டிகள் 1960-ல் ரோமில் ஆரம்பித்தபோது, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கே அதில் இடம் இருந்தது. கால் கை இழந்தவர்கள் 1976-ல் டொரோண்டோவில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டார்கள்.

இனி, எங்கள் பிரிவில் நாங்கள் செய்வதைச் சொல்லுகிறோம்.

முதலாவது வேலை படுக்கையிலேயே தொடங்குகிறது. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு, வீட்டார் அன்பினால் எஞ்சிய காலுக்கடியில் தலையணை வைப்பார்கள். அதை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். தொடை மடங்கியபடியே இருந்தால் இடுப்பு மூட்டு அப்படியே இறுகிவிடும். பிறகு அவர் நிமிர்ந்து நிற்க முயன்றால், இடுப்புக்குப் பதிலாக முதுகு உள்வாங்கி வளையும். எனவே தினமும் பலமுறை குப்புறப் படுக்கச் சொல்லுகிறோம். சின்னக் காரியந்தான். ஆனால் பிற்பாடு பெரிய துன்பத்தைத் தவிர்க்கிறது.

இரண்டாவது, செயற்கைக்காலின் உயரம். இடுப்பெலும்பின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கைவைத்துப் பார்க்கிறோம். முதல் வருஷத்தில் எஞ்சிய கால் சுருங்கும். கிண்ணம் தளர்ந்தால் நிற்கும் முறையும் கெடும். ஆகையால் கிண்ணத்தை மாற்றவேண்டி வரும்.

மூன்றாவது, எடை பார்க்கும் இயந்திரங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலையும் ஒவ்வொன்றின் மேல் வைத்து நிற்கச் சொல்லுகிறோம். 60 கிலோ எடையுள்ளவர் பக்கத்திற்கு 30 காட்டவேண்டும். ஆரம்பத்தில் நல்ல காலில் 45, புதிய காலில் 15 என்று காட்டினால் நாங்கள் ஆச்சரியப்படுவதில்லை. அவர் தாம் நேராக நிற்பதாகவே உணருவார். இயந்திரத்தின் முள்தான் அவருக்கு உண்மையைச் சொல்லும்.

பிறகு இணைக் கம்பிகளுக்குள் கண்ணாடி முன் பயிற்சி. நல்ல காலைச் சிறிய பலகையின் மேல் வைக்கச் சொல்லி, பாரத்தைப் புதிய காலுக்குக் கொண்டுவருகிறோம். பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லுகிறோம். கொஞ்சம் தேறியபின் கண்ணாடியை எடுத்துவிடுகிறோம், மெத்தையின் மேல் நிற்கவைக்கிறோம், கண்களை மூடவும் சொல்லுகிறோம். அடிபடாமல் விழுவதற்கும், விழுந்த இடத்திலிருந்து தானே எழுவதற்கும் பழக்குகிறோம். உட்கார்ந்து ஆடும் கைப்பந்தும் உண்டு. அதில் பந்தைத் தொடும்போது இடுப்புப் பகுதி தரையை விட்டு எழும்பக்கூடாது என்பது விதி. ஆகவே முதுகும் வயிறும் பலப்பட அது நல்ல பயிற்சி.

கபடி ஆடிவந்த ஒரு வாலிபரைக் குறித்துச் சொல்லவேண்டும். விபத்தில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக்கால் கிடைத்த வாரத்திலேயே, "எப்போ ஓடலாம் சார்?" என்று கேட்டார். இரண்டு இயந்திரங்களின் மேல் நிறுத்தினோம். முள்ளைப் பார்த்துவிட்டு, "மெஷின் ரிப்பேரா இருக்கும், நான் நேராத்தான் நிக்கிறேன்" என்றார். இரண்டு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து நல்ல முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, "பஸ்ஸுக்குக் காசு இல்லீங்க. அம்மா ஒரு நாள் கூலியை விட்டாத்தான் என்னைக் கூட்டி வரமுடியும்" என்றார்.

அன்பானவர்களே, இதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த உரை. அவருக்குக் காலை ஆதரவாளர் ஒருவர் கொடுத்திருந்தார். அந்தக் காலின் மேல் நிற்கக் கற்கும் மாதங்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. உங்கள் பொதுக் காணிக்கையிலிருந்து அவருக்கும் தாயாருக்கும் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தோம். நான்கு மாதங்கள் தங்கிப் பழகினார். அவர் கோப்பை எதுவும் வாங்கவில்லை. ஊர்ப் பையன்களோடு கைப்பந்து ஆடுகிறார். சென்ற முறை வந்தபோது, "கூட்டமான பஸ்ஸில கம்பியைப் பிடிக்காம நின்னு வந்தேன் சார்" என்று சொல்லிச் சிரித்தார்.

விளையாட்டு வீரர்களிடம் நாங்கள் கற்றது மற்றவர்களுக்கும் உதவுகிறது. சர்க்கரை வியாதியால் காலை இழந்த தாய்மார்களுக்கு மீந்திருக்கும் பாதத்திலும் உணர்வு குறைந்திருப்பதுண்டு. அவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் உண்டாயிற்று. கத்தியின் வேலை முடிந்தபின்பும் ஊழியம் முடிவதில்லை என்பதை நமக்கு முன்னே சென்றவர்கள் அறிந்திருந்தார்கள்.

அலங்கார வாசலண்டையில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பேதுரு வலது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதை வேதத்தில் வாசிக்கிறோம். அங்கே அவன் கால்கள் ஒரு நொடியில் பெலனடைந்தன. எங்களிடத்தில் அது மாதக்கணக்கில் நடக்கிறது. அத்தனை மாதமும் அவர்களைப் பிடித்திருக்கிற கையாக நீங்கள் இருக்கும்படி தாழ்மையாய்க் கேட்கிறோம். ஒரு காலுக்காகக் கொடுக்கிறவர்கள், அதோடு ஒரு மாதப் பயிற்சிக்கும் தங்கும் செலவுக்கும் சேர்த்துக் கொடுக்க முடியுமா என்று ஜெபத்தோடு யோசித்துப் பாருங்கள்.

ஜெபக் குறிப்புகள்:

1. செயற்கைக்கால் பெற்றுப் பயிற்சியில் இருக்கிறவர்கள் சோர்ந்துபோகாமல் தொடர்ந்து வரும்படி.

2. கூலி வேலையை விட்டுவிட்டு அவர்களுடன் தங்கியிருக்கும் குடும்பத்தாருக்காக.

3. பயிற்சி கொடுக்கும் எங்களுக்குப் பொறுமையும் நல்ல சுகமும் கிடைக்கும்படி.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.