ஆறுதல் சொல்லப் போகுமுன்

(பொன்விழாத் தயாரிப்பின்போது, வீடு சந்திக்கச் செல்லும் அன்பர்களுக்குப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் நம் பங்கின் எல்லா வீடுகளையும் சந்திப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அன்பியப் பொறுப்பாளர்களும், வின்சென்ட் தே பவுல் சபையாரும், மரியாயின் சேனையாரும் இருவர் இருவராகப் போகப் போகிறீர்கள். போகிற இடங்களில் எழுந்து நடமாட இயலாத முதியவர்கள் இருப்பார்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் வழங்காதவர் இருப்பார்கள். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்துக்கொண்டு, திருவிழாவுக்குக்கூட வெளியே வராத தாய்மார் இருப்பார்கள். இவர்களிடம் என்ன பேசுவது என்று உங்களில் சிலர் நம்மிடம் கேட்டீர்கள். என்ன பேசக்கூடாது என்பதில் நமக்குச் சற்று அனுபவம் உண்டு. அது நாம் செய்த ஒரு தவற்றிலிருந்து வந்தது. ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் குழந்தையில் இளம்பிள்ளை வாதம் கண்டு, ஒரு காலில் காலிப்பர் பூட்டி நடப்பாள். தையல் வேலை செய்து வீட்டுக்கு உதவினாள். பாடகர் குழுவிலே அவள் குரல்தான் முன்னால் நிற்கும். இளையவளுக்கு ஒரு நல்ல வரன் வந்தது. பெண் பார்க்க வருகிற அன்று மூத்தவள் வீட்டில் இருக்க வேண்டாம், சித்தி வீட்டில் போய் இருக்கட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். அதைச் சொல்லும் துணிவு இல்லாமல் நம்மிடம் வந்தார்கள். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்டுக்கிடுவா, சாமி” என்றார் தகப்பனார்.

நாமும் சொன்னோம். பங்கு இல்லத்துத் திண்ணையில், ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் தகப்பன் நிற்க, அந்தப் பெண்ணை நடுவே நிறுத்தி, தியாகத்தைப் பற்றியும் சிலுவையைப் பற்றியும் தங்கையின் வாழ்வைப் பற்றியும் அழகாக எடுத்துரைத்தோம். அவள் தரையைப் பார்த்தபடி, “சரி, சாமி” என்றாள். ஒரு குடும்பத்தின் சிக்கலைத் தீர்த்துவிட்டோம் என்று அன்று இரவு நிம்மதியாக உறங்கினோம்.

கலியாணம் நடந்தது. திருமணத் திருப்பலியில் அவள் பாடவில்லை; கடைசித் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதன்பின் பாடகர் குழுவுக்கே வரவில்லை. பல மாதங்கள் கழிந்த பிறகுதான், ஏனம்மா வரவில்லை என்று கேட்கவேண்டும் என நமக்குத் தோன்றிற்று. அவள் சொன்னது இது: “நான் ஆளுக கண்ணுல படக்கூடாதுன்னு வீட்ல நெனச்சாங்க. அது பழக்கந்தான், சாமி. கோயில்லயும் அதையே சொல்லிட்டாங்களேன்னு நெனச்சேன். அப்புறம் எந்த முகத்தோட முன்னால நின்னு பாட?”

அன்று அவள் சொன்ன “சரி”க்கு என்ன பொருள் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். நம் ஊர்களில் குருவுக்கு முன், ஆசிரியருக்கு முன், வீட்டுப் பெரியவர்களுக்கு முன் சொல்லப்படும் “சரி” மரியாதைச் சொல். ‘உங்களை எதிர்த்துப் பேசமாட்டேன்’ என்பதே அதன் பொருள். ‘நீங்கள் சொல்வது நியாயம்’ என்பதன்று. நீங்கள் போகிற வீடுகளிலும் உங்களுக்கு எளிதாகக் கிடைக்கப்போவது இந்தச் சொல்தான். அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இவ்வளவும் சொன்னோம்.

குருமடத்தில் நமக்கு ஆற்றுப்படுத்துதல் என்று ஒரு பாடம் இருந்தது. அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் என்பவர் 1951-இல் எழுதிய நூல் ஒன்றைப் பற்றி விரிவாகப் படித்தோம். அறிவுரை கூறாதே, தீர்ப்பிடாதே, வந்தவர் பேசுவதைக் கேள், தன் வழியைக் கண்டுகொள்ளும் ஆற்றல் அவருக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். நல்ல கொள்கைதான். ஆனால் அது ஓர் அறை, இரண்டு நாற்காலி, சாத்திய கதவு ஆகியவற்றை மனத்தில் கொண்டது. நம் வீடுகளில் இருப்பது ஒரே கூடம். அதில் தொலைக்காட்சி ஓடும், பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள், தலைவாசலில் அடுத்த வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசினால் வேறு பேச்சு எழும். அத்துடன், “எனக்கு மனசு சரியில்லை” என்று நம் முதியவர்கள் சொல்வது அரிது. “நெஞ்சு அடைக்குது, சோறு எறங்கல, ராத்திரி பூரா கண்ணு மூடல” என்பார்கள். கேட்பவர் உடனே மாத்திரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்! மாத்திரையும் வேண்டியதுதான். ஆனால் எந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை என்று பொறுமையாகக் கேட்டால், பத்திரத்தில் கைநாட்டு வைத்த நாளிலிருந்து என்று விடை வரலாம்.

ஆகவே ரோஜர்ஸின் கருத்தைக் கொண்டுபோங்கள். அவருடைய நாற்காலியை இங்கேயே விட்டுவிடுங்கள். கட்டிலில் படுத்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசாமல், அவர் முகத்துக்கு நேராகத் தாழ உட்காருங்கள். பெண்களிடம் பெண்கள் போங்கள். கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் அம்மாளுடன் நீங்களும் கீரை ஆயுங்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் திறக்கும். முதல்முறை சொன்னதை விடையாகக் கொள்ளாமல், ஒரு வாரம் கழித்து மறுபடியும் போங்கள்.

மற்றொன்று, எல்லாவற்றிலும் முக்கியமானது. யாரைப் பார்க்கப் போகிறீர்களோ அவரிடமே பேசுங்கள். படுக்கையிலிருக்கும் பாட்டி தெளிவாக விழித்துக்கொண்டிருக்க, மருமகளைப் பார்த்து, “பாட்டி சாப்பிட்டாங்களா?” என்கிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டு, அதைத் தள்ளிவருபவரிடம் நலம் விசாரிக்கிறோம். எரிக்கோ வழியில் பர்த்திமேயு கூவியபோது கூட்டம் அவரை அதட்டிற்று. ஆண்டவரோ அவரை அழைத்து, நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறாய் என்றல்லவா கேட்டார்! பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டார்.

சாமுவேல் இரண்டாம் நூலில் ஒரு செய்தி உண்டு. பிரசங்கங்களில் அதன் முற்பாதிதான் வரும். யோனத்தானின் மகன் மெபிபொசேத், ஐந்து வயதில் செவிலித்தாயின் கையிலிருந்து விழுந்து இரு கால்களும் முடமானவர். தாவீது அவரைத் தேடிப்பிடித்து, பாட்டன் சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, தம் பந்தியிலேயே அமர்த்தினார். இது முற்பாதி. பிற்பாதியில், அப்சலோமுக்கு அஞ்சித் தாவீது நகரைவிட்டு ஓடுகிறார். மெபிபொசேத்தின் பணியாளன் சீபா எதிரே வந்து, என் தலைவர் அரியணைக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே தங்கிவிட்டார் என்கிறான். தாவீது மறுபேச்சின்றி நிலம் முழுவதையும் சீபாவுக்கு எழுதிவிடுகிறார். போர் முடிந்தபின் மெபிபொசேத் அழுக்கு உடையோடு வந்து, நான் முடவன், கழுதைக்குச் சேணமிட்டு வரவே நினைத்தேன், அவன் என்னை வஞ்சித்துவிட்டான் என்று முறையிடுகிறார். அப்போதும் அரசர் நிலத்தில் பாதியைத்தான் திருப்பித் தந்தார். பந்தியில் இடம் கொடுத்த அதே நல்ல மனிதர், அவரைப் பற்றிய வழக்கை அவரைக் கேளாமலே தீர்த்தார். திண்ணையில் நாம் செய்ததும் அதுவேதான்.

நிற்க. நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சில சொற்களையும் விட்டுவிட வேண்டும். “யார் செஞ்ச பாவமோ” என்ற பேச்சை, பிறவியிலேயே பார்வையற்றவர் முன்னிலையில் சீடர்களே பேசினார்கள். அவர் செய்ததும் அன்று, அவர் பெற்றோர் செய்ததும் அன்று என்று ஆண்டவர் மறுத்துவிட்டார். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் நம் வாயிலிருந்து அது போகவில்லை. அடுத்தது, “விசுவாசம் போதாது, அதான் சுகமாகல” என்பது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக்குக் கால்நடையாய்ப் போய்வந்த தாயிடம் இதைச் சொல்லலாமா? அந்த நேர்ச்சையை இளப்பமாகவும் பேசாதீர்கள். இன்னொரு திருத்தலத்தின் பெயரைச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். மாதாவிடம் இப்போது என்ன கேட்கிறீர்கள் என்று அவரைக் கேளுங்கள். நாம் அப்படிக் கேட்டபோது ஒரு தாய் சொன்னார்: “முன்னெல்லாம் இவன் நடக்கணும்னு கேட்டேன், சாமி. இப்ப எனக்குப் பெறகு இவனுக்கு யாருன்னு கேக்குறேன்.”

இதற்குச் செபம் மட்டும் விடையாகாது. மனவளர்ச்சி குன்றியோர், மூளை முடக்குவாதம் உடையோர், ஆட்டிசம் உடையோர், பல்வகை ஊனம் உடையோர் ஆகியோருக்கென 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பதினெட்டு வயது நிரம்பிய அத்தகைய பிள்ளைக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமித்துக்கொள்ள, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். அந்தத் தாய்க்கு அன்று நாம் எழுதிக் கொடுத்த மனுவைக் காட்டிலும் பெரிய ஆறுதலை நாம் எந்தப் பிரசங்கத்திலும் சொல்லியதில்லை.

இங்கேதான் நாம் கவனமாக இருக்கவேண்டும். ஒருவர் நோயால் துன்புறுவது வேறு. பிறர் ஒதுக்குவதால் துன்புறுவது வேறு. இரண்டாவதற்கும் “பொறுத்துக்கோங்க” என்றே மருந்து கொடுத்தால், நாம் ஒதுக்குகிறவர்களின் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். 1995-இல் ஏழு வகை ஊனங்களுக்காக வந்த சட்டத்துக்கு மாற்றாக, 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. பலர் முன்னிலையில் ஊனத்தைக் காட்டி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தேநீர்க் கடையில் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் நம் இளைஞர்களுக்கு இது தெரிய வேண்டும்.

முதியவர்களுக்காக 2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, மாதம் ரூ.10,000 வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். சொத்தை எழுதிக் கொடுக்கையில், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்து, பிள்ளை பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யவும் வழியுண்டு. ஆகவே எழுதுமுன் நம்மிடமோ நல்ல வழக்கறிஞரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டத்தை எடுக்காதீர்கள். “பெத்த பிள்ள மேல கேஸ் போட்டா ஊர் என்ன சொல்லும்?” என்று பெரியவர் அஞ்சுவார். அந்த மானமும் அவருடைய சொத்துத்தான். அதையும் நாம் காக்க வேண்டும். சட்டமே முதலில் சமரச அலுவலரை வைத்துப் பேசிப்பார்க்க இடம் தருகிறது. நாமும் முதலில் பெரியவரிடம் கேட்போம். பிறகு அவர் சம்மதத்தோடு, அவர் இருக்கும்போதே மகனையும் மருமகளையும் உட்கார்த்திப் பேசுவோம். மருமகளின் களைப்பையும் கேட்க வேண்டும். மலசலம் எடுத்துப் பணிவிடை செய்பவர் பெரும்பாலும் அவரே. நன்றிச் சொல் பெறாதவரும் அவரே. இவையெல்லாம் பயன்படாதபோது, சட்டத்தைச் சொல்லாமல் மறைப்பதும் பாவம்.

திருச்சபையும் இதில் பாடம் படித்துத்தான் வந்திருக்கிறது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், உடற்குறையால் பீடப்பணியைப் பத்திரமாகவோ கண்ணியமாகவோ ஆற்ற முடியாதவர்கள் குருப்பட்டம் பெறத் தடை விதித்திருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. வயதைப் பொறுத்தமட்டில், பங்குத்தந்தையர் 75 வயதில் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். நமக்கும் அந்த நாள் வெகு தொலைவில் இல்லை! ஓய்வு வேறு, ஒதுக்குதல் வேறு. ஆண்டுதோறும் சூலை நான்காம் ஞாயிறை முதியோர் நாளாகக் கொண்டாட வேண்டும் என்று 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தினார். நாமும் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் பங்குப் பேரவையில், “பெருசுகளுக்கு என்ன தெரியும்” என்கிறோம். இந்த மலரில் வரும் பங்கு வரலாற்றில் பாதிக்குமேல், பார்வை மங்கிய நம் பழைய உபதேசியார் தம் நினைவிலிருந்து சொன்னது. மலர்க் குழுவின் முதல் மூன்று கூட்டங்களுக்கு அவரை நாம் அழைக்கவே இல்லை.

இனி நம் கோவில் படிகளைப் பற்றி. முன்வாசலில் ஐந்து படிகள், ஒவ்வொன்றும் அரை அடி. சாய்தளம் அமைக்க மேஸ்திரி வந்து, பக்கத்துச் சிறுவாசலில் பத்து அடி போட்டால் போதும் என்றார். பேரவையும் ஒப்புக்கொண்டது. நமக்குப் பழைய திண்ணை நினைவுக்கு வரவே, சக்கர நாற்காலியில் வரும் நம் பங்குச் சகோதரி ஒருவரை அழைத்துவந்து கேட்டோம். ஓர் அடி உயரத்துக்குப் 12 அடி நீளம் வேண்டும், இல்லாவிட்டால் தாமாக உருட்டி ஏற முடியாது, இறங்கும்போது கவிழ்ந்துவிடும் என்றார். அப்படியானால் இரண்டரை அடி உயரத்துக்கு 30 அடி. சிறுவாசலில் அதற்கு இடமில்லையே என்று மேஸ்திரி தயங்கினார். “பக்கத்து வாசல் வழியா நுழைய நான் என்ன களவாணியா, சாமி? முன்வாசல்ல வைங்க. நடுவுல ஒரு திருப்பம் குடுத்தா இடம் இருக்கு” என்றார் அந்தச் சகோதரி. அளந்து பார்த்தோம், இடம் இருந்தது. விழா வளைவுக்கென ஒதுக்கிய தொகையை இதற்கு மாற்றப் பேரவை இசைந்துவிட்டது. வளைவு இல்லையே என்று சிலருக்கு வருத்தம். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது.