மாரடைப்பும் மரபுரிமையும்



தந்தை ஐம்பது வயது நிறையுமுன்னரே மாரடைப்பினால் மாண்டார். சில ஆண்டுகளின் பின் அவர் மூத்த மகனும் அவ்வாறே மாண்டான். இத்தகைய செய்தியைக் கேட்கும் ஊரார், "அது அந்தக் குடும்பத்து வியாதி, எல்லாம் தலையெழுத்து" என்று கூறி அமைவர். இக்கூற்றில் இரு பகுதிகள் உள. அவற்றுள் எது மெய், எது பொய் என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

உடலெங்கும் குருதியைச் செலுத்தும் இருதயம், தன் தசைக்கு வேண்டிய குருதியை முடியுரு நாடிகளின் வாயிலாகப் பெறுகின்றது. அந்நாடிகளின் உட்சுவரிற் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதே முடியுரு நாடி நோய். குறுகிய வழியிற் குருதி உறைந்து அடைத்துக்கொள்ளும்போது மாரடைப்பு நேர்கின்றது. புகைபிடித்தல், நீரிழிவு, உயர்ந்த குருதியமுக்கம் என்பன இந்நோய்க்கு ஏதுக்கள் என்பது பலரும் அறிந்ததே. பரம்பரையும் ஓர் ஏதுவாகுமோ?

இவ்வினாவுக்கு இரட்டையர் விடை தந்தனர். சுவீடன் நாட்டிலே 21,004 இரட்டையரை நெடுங்காலம் கவனித்த ஆய்வொன்று 1994இல் வெளிவந்தது. உருவொத்த ஆண் இரட்டையருள் ஒருவர் 55 வயதுக்கு முன் இந்நோயால் இறந்திருப்பின், மற்றவர் அதனால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய எட்டு மடங்காக உயர்ந்தது. உருவொவ்வாத ஆண் இரட்டையரிடத்து அது நான்கு மடங்களவே. இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரே உணவுண்டு வளர்வோரே. ஆகவே, இவ்வேறுபாடு பெரிதும் பரம்பரையலகுகளினால் வந்ததெனக் கொள்ளலாம்.

அவ்வலகுகள் யாவை? அமெரிக்காவின் டலஸ் நகரிலே மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் இரு மருத்துவ அறிஞர், குருதியிலுள்ள கொலஸ்திரோலைப் பற்றி உள்ளிழுக்கும் கைகளை ஒத்த புரதங்கள் உயிர்க்கலங்களின் மேற்பரப்பில் உண்டெனக் கண்டனர். அப்புரதத்தை ஆக்கும் அலகு பழுதுற்றால், கொலஸ்திரோல் குருதியிலே தேங்கி இளமையிலேயே நாடிகளை அடைக்கும். இக்கண்டுபிடிப்புக்காக அவர்கள் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவர் இத்தகைய மரபுவழிக் கோளாறு உடையவர். அவர்தம் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

பரம்பரை தீமையை மட்டுமே தருவதன்று. அதே நகரில் ஹெலன் ஹொப்ஸ், ஜொனதன் கோஹன் ஆகியோர், மேற்கூறிய கைகளை அழிக்கும் வேறொரு புரதத்தை ஆராய்ந்தனர். பி.சி.எஸ்.கே.9 என்பது அதன் பெயர். ஆபிரிக்க வழிவந்த அமெரிக்கருள் நூற்றுக்கு இருவரளவில், இப்புரதத்தை ஆக்கும் அலகு செயலற்றிருந்தது. அவர்களுடைய தீய கொலஸ்திரோல் ஏனையோரிலும் நூற்றுக்கு 28 பங்கு குறைவு. முடியுரு நாடி நோயோ நூற்றுக்கு 88 பங்கு குறைவு என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. இயற்கை காட்டிய இவ்வழியைப் பின்பற்றி ஆக்கப்பட்ட ஊசி மருந்துகள் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன.

இனி, ஒன்பதாவது நிறமூர்த்தத்தின் ஒரு சிறு பகுதியிலுள்ள வேறுபாடு 2007இல் அறியப்பட்டது. ஐரோப்பிய வழியினருள் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் தாய்வழியும் தந்தைவழியும் இதனைப் பெற்றுள்ளனர். அவர்களுக்கு அபாயம் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு கூடுதல். இது கொலஸ்திரோலைக் கூட்டுவதுமில்லை; குருதியமுக்கத்தை உயர்த்துவதுமில்லை. இவ்வாறான சிறு வேறுபாடுகள் பலவற்றை ஒருங்கே கூட்டி அபாயத்தைக் கணிக்கும் முறையும் இன்று உண்டு. ஆனால், அதற்கு ஆதாரமான ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினரிடத்தே நிகழ்ந்தவை. ஆதலின், அவற்றின் முடிவுகளை இலங்கையர்க்கு அப்படியே பொருத்துதல் தகாது.

எனவே, 'குடும்பத்து வியாதி' என்னும் முதற்கூற்றில் உண்மை உண்டு. 'தலையெழுத்து' என்னும் இரண்டாங்கூற்றோ நிலைபெறவில்லை. ஐம்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கி 2016இல் வெளிவந்த ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. பரம்பரையால் மிகுந்த அபாயமுடையோரிடையேயும், புகையை விலக்கி, அளவறிந்து உண்டு, உடற்பயிற்சி செய்து, உடற்பருமனைத் தவிர்த்து வாழ்ந்தோர்க்கு, அவ்வாறு வாழாதோரைவிட அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் சேர்த்துக் கற்பவரே அவர் கருத்தை உணர்வர். தந்தையோ சகோதரனோ 55 வயதுக்கு முன்னும், தாயோ சகோதரியோ 65 வயதுக்கு முன்னும் இந்நோய்க்கு ஆளாகியிருப்பின், அதனை மறையாது வைத்தியரிடம் கூறிக் குருதியிலுள்ள கொலஸ்திரோலை அளந்தறிதல் வேண்டும். பிள்ளைகளையும் சோதிப்பித்தல் நன்று. இறந்தவரை எண்ணி அழுவதோடு அமையாது, இருப்பவரைக் காக்க முற்படுவதே அறிவுடைமை.