பந்தயம் காத்திருந்தது

கருநாடக எல்லையில் உள்ள சிற்றூர் அத்திபெலே. அதைக் கடந்தால் ஒசூர். அங்கிருந்து சென்னைக்கு நெடுவழி. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், ‘மிக்ஜாம்’ புயல் மழையில் சென்னை மூழ்கியபோது, இப்பக்கத்துத் தொழிற்சாலைகளில் உழைக்கும் தமிழர் பலர், ஊரிலுள்ள பெற்றோரின் குரலைத் தொலைபேசியில் கேட்க இயலாது தவித்தனர்.

அந்த வாரமே, 9, 10 ஆகிய நாட்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ‘ஃபார்முலா 4’ கார்ப் பந்தயம் நடைபெறுவதாக இருந்தது. மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள நகரச் சாலைகளே பந்தயத் தடம். புயலை முன்னிட்டுப் பந்தயம் ஒத்திவைக்கப்பட்டது.

நீரை வடித்துப் பந்தயத்தை நடத்தியிருக்கலாமே என்று சிலர் வினவலாம். ஊருக்குப் புறம்பான மைதானமாயின் அதுவும் இயலும். இதுவோ, மக்கள் நடமாடும் சாலை. உணவும் மருந்தும் செல்ல வேண்டிய வேளையில் அதனை விளையாட்டுக்கென அடைத்தல் தகுமோ? காவலரும் மாநகராட்சி ஊழியரும் அன்று நிற்க வேண்டிய இடம், வெள்ளம் புகுந்த தெருக்கள் அல்லவா?

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில், இரவில் விளக்கொளியில் அப்பந்தயம் நடந்தேறியது. முதல் நாள் மீண்டும் மழை குறுக்கிட்டது. தடத்துக்குப் பாதுகாப்புச் சான்று கிடைக்கும்வரை, விரைவுக்கென்றே பிறந்த அவ்வண்டிகளும் பொறுத்து நின்றன.

எட்டு மாதத்துக்கு மேல் தாமதித்ததால் பந்தயத்துக்குக் குறைவேதும் இல்லை. மாடியில் குடிநீரின்றி நின்ற முதியவரோ, ஒரு நாளும் தாமதிக்க இயலாதவர். புயலுக்குப் பின் எதனை முதலில் சீர்செய்வது என்னும் வினாவுக்கு, அந்த ஒத்திவைப்பே விடையாகும்.