அயலும் அடைக்கலமும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல் என்னும் பொருள்பற்றிச் சில கூறுமாறு பணிக்கப்பெற்றோம். இச்சொல் இரு பொருள் தந்து நிற்றல் கருதத்தக்கது. பக்கத்தில் உள்ளதும் அயல். நமக்கு உரித்தல்லாததும் அயல். அடுத்த வீட்டாரை அயலார் என்கின்றோம். கடல் கடந்த நாட்டையும் அயல்நாடு என்கின்றோம். சுவர் ஒன்றே இடையிட்டு வாழ்வோரும் முயற்சியால் உறவாவரேயன்றித் தாமே உறவாகார் என்பதனை இச்சொல் உணர்த்துகின்றது போலும்.

சுற்றத்தார் பிறப்பால் அமைவர். நண்பர் விருப்பால் அமைவர். அயலார் இவ்விரண்டானும் அமையாதவர். ஆயினும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் முதலில் தட்டுவது அவர் கதவையே. உறைமோரும், ஒரு கொத்துக் கறிவேப்பிலையும், ஊர்செல்லுங்கால் வீட்டுத் திறவுகோலும் அவ்வேலியைக் கடந்து போய்வருவன. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையை வெள்ளம் சூழ்ந்து தொலைபேசியும் பயனற்றபோது, பலர்க்குப் பக்கத்து வீட்டாரே சுற்றமாயினர்.

திரைப்படமும் இப்பொருளை விட்டதில்லை. வங்காளத்தில் அடுத்த வீட்டைப் பெயராகக் கொண்டு தோன்றிய ஒரு கதை, தெலுங்கிற்கும், 1960-இல் 'அடுத்த வீட்டுப் பெண்' எனத் தமிழுக்கும், 1968-இல் 'படோசன்' என இந்திக்கும் வந்தது. மொழி மாறியும் அவ்வீடு எங்கும் நமக்கு அடுத்த வீடாகவே இருந்தது.

இனி, நம் காப்பியத்தைக் காண்போம். கண்ணகி வணிகர் குலத்து மகள். மாதரி ஆயர் குலத்து முதுமகள். கவுந்தியடிகள் மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகியை அவள்பால் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி வேலி சூழ்ந்த மனையொன்றில் அவளை இருத்தித் தன் மகள் ஐயையைத் துணையாக்கினாள். அரிசியும், காய்கனிகளும், பாலும் கண்ணகிக்கு வந்தன. பின்னர் நேர்ந்த கொடுமைக்கு மாதரி காரணமல்லள். ஆயினும், அடைக்கலப் பொருளை இழந்தேனே என்று அவள் எரிபுகுந்தாள் என இளங்கோவடிகள் கூறுகின்றார். எரிபுகுதலை யாம் போற்றவில்லை. வேற்றுக் குலத்தாளின் நலம் தன் பொறுப்பென்று கொண்ட அவ்வுள்ளத்தையே போற்றுகின்றோம்.

மற்றொன்றும் காண்க. சேர்ந்து வாழும் இடமாதலின் சேரி என்பது நல்ல பெயர். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டிலோ தீண்டாச்சேரி என்னும் சொல் காணப்படுகின்றது. சேர்தலைக் குறித்த சொல்லே விலக்குதலைக் குறிக்கலாயிற்று. சொல் தானே கெடுவதில்லை. வாழ்வோர் கெடுத்தலால் கெடுகின்றது.

அன்பர்களே! நம் சங்கம் நிலம் வாங்கி நம்மவர்க்கே மனை பகுத்தளிக்கக் கருதியுள்ளது. வீடற்ற குடும்பங்கட்கு வீடு வேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. 'நம்மவர்க்கே' என்பதிலுள்ள ஏகாரம் ஒன்றே எமக்கு உடன்பாடன்று. அதனை இலக்கணத்தார் பிரிநிலை ஏகாரம் என்பர். பெயருக்கேற்ப அது பிரித்தே வைக்கும்.

நம்மவர் ஒருங்கிருந்தால் ஒருவர்க்கொருவர் துணையாவரே எனச் சிலர் வினவலாம். துணையாவர், உண்மை. ஆனால் திருமணத்திலும் ஈமத்திலும் நம்மவரையே காண்கின்ற நம் மக்கள், தெருவிலும் நம்மவரையே காண்பராயின், பிறரோடு வாழும் கல்வியை எங்கே பயில்வர்? பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து கற்கும் பிள்ளைகள் மாலையில் வெவ்வேறு உலகிற்குத் திரும்புதல் நன்றோ?

ஆதலின், அம்மனைகளுள் மூன்றில் ஒரு பங்கினைப் பிற குலத்து ஏழைக் குடும்பங்கட்கு, அதே விலைக்கு, அதே தெருக்களில், இடையிடையே அளித்தல் வேண்டும். ஒரு மூலையில் ஒதுக்கி அளித்தல் ஆகாது. கிணறும், விளையாட்டிடமும், படிப்பகமும் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். திருவள்ளுவரும் ஒப்புரவாளன் செல்வத்தை ஊரார் நீருண்ணும் குளத்திற்கு ஒப்பிட்டாரேயன்றி, வீட்டுக்குள் மூடிவைத்த குடத்திற்கு ஒப்பிட்டாரல்லர்.

சங்கத்தார் இதனை அடுத்த செயற்குழுவில் ஆராய்ந்து முடிவு செய்யுமாறு வேண்டி, எமது சிற்றுரையை முடிக்கின்றோம்.